வடவாற்றில் தண்ணீர் வரும் நாள்

எட்டு மாதமாக ரோஸ்லின் தொலைபேசியில் ஓர் ஆற்றை வர்ணித்துக்கொண்டிருந்தாள். மறுமுனையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தவன் எல்வின். சென்னையில் ஒரு வங்கியில் அதிகாரி. இருவருக்கும் நிச்சயமாகியும் அதே எட்டு மாதம்தான்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கரந்தைப் பாலத்துல வந்து நிக்கணும். வடவாறு ரெண்டு கரையும் தொட்டுக்கிட்டுப் போகும். மேற்கால இருந்து வெயில் தண்ணி மேல படுத்துக்கிட்டே வரும். தென்னை மரத்துக்கு மேல பெரிய கோயில் உச்சி மட்டும் தெரியும். நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். பாத்தாப் போதும்."

"பேச வேண்டாமா? அப்ப நீயும் பேசமாட்டல்ல?" என்பான் எல்வின்.

ரோஸ்லின் தஞ்சாவூர் பூக்காரத் தெருவில் பிறந்தவள். அதே தெருவில் இருந்து பள்ளிக்குப் போனாள், கல்லூரிக்குப் போனாள், இப்போது ஒரு கல்லூரி நூலகத்துக்கு வேலைக்குப் போகிறாள். பதினைந்து வயதில் இருந்து மொழிபெயர்ப்பு நாவல்களாகவே படித்து வளர்ந்ததில் அவளுக்கு ஒரு கணக்கு மனதில் விழுந்திருந்தது. நல்ல நகரம் என்றால் அதற்கு ஓர் ஆறு வேண்டும், ஆற்றுக்கு ஒரு பாலம் வேண்டும், பாலத்தில் சாயங்காலம் யாராவது யாருக்காகவாவது காத்து நிற்க வேண்டும். தஞ்சாவூரில் மூன்றும் இருந்தன. பனி மட்டும்தான் பெய்யவில்லை. அதை அவள் மன்னித்திருந்தாள்.

மற்ற எதையும் மன்னிக்கவில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஊரைப் பற்றி இரண்டு புகார் சொல்லிவிடுவாள். "ஊராம்மா இது?" என்றுதான் ஆரம்பிப்பாள். அம்மா அருள்மேரி அடுப்பில் இருந்து திரும்பாமலே, "இன்னைக்கு எந்தத் தெரு?" என்று கேட்பாள்.

அப்படிப்பட்டவள்தான் நிச்சயதார்த்தத்தன்று இரு வீட்டார் முன்னால், "கல்யாணத்துக்கு அப்புறமும் நான் தஞ்சாவூர்லதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, அது வெகுநாளாக உள்ளே இருந்த முடிவு என்று. எல்வின் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அவனுக்கு ஜூலையில் இடமாற்றம் வரவேண்டியிருந்தது. விருப்பமான ஊர்கள் மூன்றை வரிசையாக எழுதித் தரச் சொல்வார்கள். முதலில் எழுதிய ஊர் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

"பாக்காத ஊரை நான் எப்படி எழுதறது? நிச்சயத்துக்கு வந்தப்ப மண்டபத்தையும் பஸ் ஸ்டாண்டையும்தான் பாத்தேன். ஒரு நாள் வர்றேன். காட்டு. பிடிச்சிருந்தா முதல்ல தஞ்சாவூர். இல்லேன்னா கோயம்புத்தூர். நீ என்னோட வரணும்."

"சரி" என்றாள் ரோஸ்லின். நாள் குறிப்பதை அவள் எடுத்துக்கொண்டாள்.

அவள் அப்பா அந்தோணிமுத்து தென்பெரம்பூரில் லஸ்கர். ஆற்று மதகுகளின் ஷட்டரைத் திறந்து மூடும் அரசு வேலை. வெண்ணாறு அங்கே வந்து பிரிகிறது. ஒரு பக்கம் வெட்டாறு, இன்னொரு பக்கம் வடவாறு. மேட்டூரில் தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் இரண்டுக்கும் ஒன்றாகத் திறக்க முடியாது. ஆறு நாள் அதற்கு, ஆறு நாள் இதற்கு. முறை என்பார்கள். முறை மாறும் தேதியை அந்தோணிமுத்து சமையலறைக் கதவில் தொங்கும் மாதா கோயில் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைப்பார். வட்டம் போட்ட நாளில் காலை ஆறு மணிக்கு ஷட்டர் ஏறும். ஒன்பது மணிக்குள் தண்ணீர் கரந்தைக்கு வந்துவிடும்.

ஜூலை இரண்டாம் சனிக்கிழமை மேல் வடவாற்றுக்கு வட்டம் இருந்தது. அன்றைக்கு வங்கி விடுமுறை. படிவத்தை இணையத்தில் நிரப்பக் கடைசி நாளும் அதுவே, மாலை ஆறு மணி வரை. இதைவிடப் பொருந்தி வரும் நாள் உண்டா? ரோஸ்லின் அந்த நாளையே சொல்லிவிட்டாள்.

*

சனிக்கிழமை விடியற்காலை ரயில் வந்தது. ரோஸ்லின், அதே தெருவில் இருக்கும் பக்கீர் முகம்மதுவின் ஆட்டோவோடு போய் நின்றாள்.

"வாங்க மாப்ள" என்றார் பக்கீர், எல்வினின் பையைப் பிடுங்கிக்கொண்டே. "இன்னைக்கு முழுக்க வண்டி உங்களுக்குத்தான். பாப்பா நாலு பக்கத்துக்குத் திட்டம் எழுதிக் குடுத்துருக்கு. ஒண்ணுக்குப் போறதுக்கு மட்டும்தான் அதுல நேரம் ஒதுக்கல."

"பக்கீர் அண்ணே!"

வீட்டில் அருள்மேரி இட்லியோடு அசோகாவும் வைத்தாள். நெய்யில் மினுங்கிய அந்த இனிப்பை எல்வின் கேட்டு வாங்கி மூன்று தடவை சாப்பிட்டான். அந்தோணிமுத்து வீட்டில் இல்லை. முறை மாறும் நேரங்களில் அவர் மதகிலேயே தங்கிவிடுவார் என்பதால் ரோஸ்லின் அதைப் பற்றி யோசிக்கவில்லை. அருள்மேரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "அம்மா, ஏழரைக்குள்ள பூச்சந்தையில இருக்கணும்" என்று ரோஸ்லின் அவனைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

பூச்சந்தை அவளைக் கைவிடவில்லை. ஈரச் சாக்கின் மேல் மல்லிகை குவிந்து கிடந்தது. விலை கூவுகிற சத்தத்துக்கு நடுவே ஒரு அம்மாள் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் கட்டிக்கொண்டிருந்தாள். விரல்கள் போகிற வேகத்தில் நூல் கண்ணுக்குத் தெரியவில்லை. எல்வின் அங்கேயே நின்றுவிட்டான்.

"அழகா இருக்குல்ல?" என்றான்.

"கீழ பாருங்க, சாக்கடை" என்றாள் ரோஸ்லின். "பத்து வருஷமா மூடி போடறேன்னு சொல்றாங்க."

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். இவள் ஊரைக் காட்ட வந்தவளா, காட்டிக்கொடுக்க வந்தவளா என்று இருந்தது அந்தப் பார்வை. ரோஸ்லினுக்கே வெட்கமாகப் போயிற்று. நாக்கு அவள் பேச்சைக் கேட்கவில்லை. அரண்மனையில் அவன் மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்தால், இவள் வௌவால் நாற்றத்தைச் சொன்னாள். பழைய ஓலைச்சுவடி நூலகத்தின் குளிர்ச்சியில் அவன் பெருமூச்சு விட்டால், "வெளியே வந்து பாருங்க, கொளுத்தும்" என்றாள்.

ஆனால் பதினொன்றரை மணிக்கு நடந்தது வேறு. கீழவாசலில் மீன் வண்டியும் பேருந்தும் இரண்டு மாடுகளும் ஒன்றையொன்று பார்த்து நின்ற ஓர் இடுக்கில் ஆட்டோ பத்து நிமிடம் அசையவில்லை. எல்வின் மெதுவாக, "ஊர் கொஞ்சம் நெரிசல்தான். கொஞ்சம் அழுக்கும் கூட" என்றான்.

"உங்க சென்னையில பளிங்கு மாதிரி இருக்கோ?" என்று ரோஸ்லின் திரும்பினாள். "இது ஆயிரம் வருஷமா மனுஷங்க இருக்கற ஊரு. கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்."

"நீதானே காலையில இருந்து..."

"நான் சொல்லலாம்."

முன்னால் பக்கீரின் தோள் குலுங்கியது. "மாப்ள, அது பாப்பாவோட டிபார்ட்மென்ட். நாம கை வைக்கக் கூடாது."

பெரிய கோயிலுக்கு உச்சி வெயில் தாழ்ந்த பிறகுதான் போக முடிந்தது. கருங்கல் தரை தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. விரித்திருந்த சணல் பாயில் இருந்து கால் இறங்கியதும் மூவரும் ஓடினார்கள். பக்கீர் ஓடிக்கொண்டே பெருமை பேசினார். "இந்தக் கோபுரத்துக்கு ஒரு அதிசயம் இருக்குங்க. நிழலு தரையில விழாது!"

எல்வின் நிழலான ஓர் இடத்தைக் கண்டுபிடித்து அதற்குள் போய் நின்றுகொண்டான். மேலே பார்த்தான். கீழே பார்த்தான். "அப்ப நான் நிக்கறது எதுலண்ணே?"

பக்கீர் அவன் பக்கத்தில் வந்து நின்றார். அங்கே தரை குளிர்ந்திருந்தது. "இது..." என்றார். "இது கோயிலோட நிழல். கோபுரத்தோடது இல்ல."

ரோஸ்லின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளும் பள்ளியில் இருந்து கல்லூரி வரை எத்தனையோ வெளியூர்த் தோழிகளிடம் இதே கதையை, இதே நிழலில் நின்றுகொண்டு சொன்னவள்தான். ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கத் தோன்றவில்லை. மேலே, அவ்வளவு உயரத்தில், கல் வெயிலைக் குடித்து மஞ்சளாகிக்கொண்டிருந்தது. ஒரு கிளிக் கூட்டம் விமானத்தைச் சுற்றிப் போயிற்று. அப்போது எல்வின் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்ததை ரோஸ்லின் பார்த்தாள். இன்னும் ஆறு மட்டும்தான் பாக்கி என்று நினைத்துக்கொண்டாள். ஆற்றைப் பார்த்துவிட்டால் எழுதிவிடுவான்.

*

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆட்டோ கரந்தைப் பாலத்தில் நின்றது. ரோஸ்லின் முதலில் இறங்கிக் கைப்பிடிச் சுவரை எட்டிப் பார்த்தாள்.

ஆற்றில் தண்ணீர் இல்லை.

நடுவில் பச்சையாக ஒரு குட்டை தேங்கி நின்றது. அதைச் சுற்றிலும் ஈர மண்ணில் பாட்டில்கள், வாழை மட்டை, ஒரு கிழிந்த மெத்தை. கொஞ்சம் தள்ளி மணல் மேடான இடத்தில் வேட்டியை மடித்துக் கட்டிய ஆட்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து குட்டையில் விழுந்தால் அவுட் என்று வைத்திருந்தார்கள் போல. தென்னை மரங்களுக்கு மேல் கோயில் உச்சி இருந்தது. மேற்கு வெயிலும் சொன்னபடி வந்தது. வந்து, மெத்தை மேல் படுத்தது.

ரோஸ்லின் தொலைபேசியை எடுத்தாள்.

"அப்பா, ஆத்துல தண்ணி இல்ல."

"தெரியும். நான்தானே திறக்கல" என்றார் அந்தோணிமுத்து. பின்னால் தண்ணீர் இரையும் சத்தம் கேட்டது. வெட்டாற்றுத் தண்ணீர்.

"காலண்டர்ல இன்னைக்குத்தானே வட்டம்?"

"ஒரு நாள் தள்ளிப் போச்சும்மா. வெட்டாத்துல கடைமடை வரைக்கும் ஏறல. நாளைக்குக் காலையில மாத்திக்கலாம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. வியாழக்கிழமை ராத்திரி சாப்பிடறப்ப சொன்னேனே. நீ ம்னு சொன்ன."

"நான் படிச்சுக்கிட்டு இருந்தேன்."

"அதான் தெரியுமே. அதான் அம்மாகிட்டயும் ஒருதடவை சொல்லி வச்சேன்."

ரோஸ்லின் குரலைத் தாழ்த்தினாள். "அப்பா, ஒரே ஒரு ஷட்டர். அரை அடி தூக்குங்களேன்."

மறுமுனையில் ஆறு மட்டும் கொஞ்ச நேரம் பேசியது.

"அரை அடி தூக்கினாலும் உங்கிட்ட வந்து சேர மூணு மணி நேரம் ஆவும். அது வேற. நட்டு நாலு நாள் ஆன பயிரும்மா அங்க. வேர் புடிக்கலை. நீ பாலத்துல நின்னு பாக்கறதுக்காக நட்டவன் தண்ணிய நான் திருப்பவா?"

"வேண்டாம்ப்பா" என்றாள். உடனே சொன்னாள். லஸ்கர் மகளுக்கு அது தெரியாதா?

"மாப்ள கேட்டா சொல்லு, தண்ணி நாளைக்குக் கண்டிப்பா வரும்னு."

அவள் தொலைபேசியைப் பைக்குள் போட்டாள். லஸ்கர் மகள் முறையைத் தவற விட்டாள் என்று தென்பெரம்பூரில் யாரிடமாவது சொன்னால் நாள் கணக்கில் சிரிப்பார்கள். எல்வின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கிரிக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஒன்றுமே சொல்லாமல் இருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"கோயம்புத்தூரையே எழுதுங்க" என்றாள்.

"ஏன்?"

"ஏன்னா இது ஒரு ஊரே இல்ல. இந்தப் பாலம் முடியற இடத்துல ஒரு பள்ளம் இருக்கு. நான் எட்டாவது படிக்கறப்ப சைக்கிளோட அதுல விழுந்தேன். இன்னும் அந்தப் பள்ளம் அங்கதான் இருக்கு. மேல வீதியில மழை பெஞ்சா தெற்கு மூலையில மூணு நாளைக்குத் தண்ணி நிக்கும். பூக்காரத் தெருவுல சாயங்காலம் ஆறு மணிக்குக் கொசு வரும், ஆறே காலுக்குக்கூட இல்ல, கரெக்டா ஆறு. சித்திரையில ராத்திரி பன்னெண்டு மணிக்கும் சுவத்துல கை வச்சா சுடும். புதுசா ஒரு நாவல் வேணும்னா திருச்சிக்கு பஸ் ஏறணும். அய்யங்கடைத் தெருவுல நான் யாரோட பேசினாலும் நான் வீட்டுக்குப் போறதுக்குள்ள அம்மாவுக்குத் தெரிஞ்சிடும். பழைய பஸ் ஸ்டாண்ட் பின்னாடி ஒரு வேப்பமரம் இருந்துச்சு. என்னைக் கேக்காம வெட்டிட்டாங்க!"

"உன்னைக் கேக்கணுமா?" என்றான் எல்வின்.

"கேட்டிருக்கணும்" என்றாள். கண் நிறைந்துவிட்டது. "தினம் அதுக்குக் கீழதான் பஸ்ஸுக்கு நிப்பேன்."

ஆட்டோவில் உட்கார்ந்திருந்த பக்கீர் தெருவின் அந்தப் பக்கத்தைப் பார்த்தபடி தொண்டையைக் கனைத்தார். "எதிர்த்தாப்பல டீ நல்லா இருக்கும்" என்றார் பொதுவாக.

*

டீக்கடை பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தார்கள். ஐந்து இருபது. எல்வின் தொலைபேசியில் வங்கியின் படிவத்தைத் திறந்து வைத்திருந்தான். மூன்று கட்டங்கள் காலியாக இருந்தன. ரோஸ்லின் அதைப் பார்க்கவில்லை. கண்ணாடி டம்ளரின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பா டெலிபோன்ஸ்ல இருந்தார். உனக்குத் தெரியும்" என்றான் அவன். "ஏழு ஊர், பதினோரு வீடு. ஒவ்வொரு ஊர்லயும் சாமான் பிரிக்கவே ஆறு மாசம் ஆகும். பிரிச்சு முடிக்கறப்ப ஆர்டர் வந்துடும். சென்னையில இப்ப ஆறு வருஷமா இருக்கேன். என் தெருவுல என்ன மரம் இருக்குன்னு எனக்குத் தெரியாது. வெட்டினாலும் தெரியாது."

அவள் நிமிர்ந்தாள்.

"காலையில இருந்து நானும் யோசிக்கறேன். நீ திட்டற மாதிரி திட்டறதுக்கு எனக்கு ஒரு ஊர்கூட இல்ல." பாலத்தின் பக்கம் திரும்பினான். "அந்தப் பள்ளம் எந்தப் பக்கம்?"

"எந்தப் பள்ளம்?"

"நீ விழுந்தது."

அவள் கையைக் காட்டினாள். அவன் எழுந்து போய் நிஜமாகவே பார்த்துவிட்டு வந்தான். "ஆமா. இருக்கு" என்றான். மீண்டும் உட்கார்ந்து, பக்கீர் பக்கம் திரும்பினான். "அண்ணே, கொசு கம்மியா எந்தத் தெருவுல வீடு கிடைக்கும்?"

பக்கீர் டீயைக் கீழே வைத்தார். "அப்படி ஒரு தெருவு இருந்தா நான் இன்னும் பூக்காரத் தெருவுல இருப்பனா? சரி, கேளுங்க. மானோஜிப்பட்டிப் பக்கம் காத்து வரும்..."

"அங்க தண்ணி உப்பு" என்றாள் ரோஸ்லின் தன்னை அறியாமல்.

"பாப்பா திட்டாத தெருவாப் பாக்கணும்னா வீடு கிடைக்காது மாப்ள. ஆத்துக்குள்ளதான் கட்டணும். அதுவும் இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான் முடியும்."

எல்வின் முதல் கட்டத்தில் தஞ்சாவூர் என்று எழுதினான். மற்ற இரண்டையும் கொஞ்ச நேரம் பார்த்தான். ஏதாவது எழுதித்தான் ஆக வேண்டும் என்று படிவம் அடம் பிடித்தது. இரண்டாவதில் கும்பகோணம் என்று போட்டான். மூன்றாவதில் திருவாரூர்.

"திருவாரூர்ல யாரு இருப்பா?" என்றாள் ரோஸ்லின். குரல் பாதியில் உடைந்து சிரிப்பாகிவிட்டது.

"அதையும் திட்டுவியா?"

"அதைத் திட்ட எனக்கு என்ன உரிமை இருக்கு?"

ஐந்து முப்பத்தேழுக்குப் படிவம் போய்ச் சேர்ந்தது. ஆற்றுக்குள் கிரிக்கெட் இன்னும் நடந்துகொண்டிருந்தது. எல்வின் அன்றைய இரவு ரயில் சீட்டை ரத்து செய்துவிட்டு, மறுநாள் இரவுக்கு ஒன்று எடுத்தான். "தண்ணியைப் பாக்காம போனா நீ எட்டு மாசம் சொன்னது பொய்னு ஆயிடும்" என்றான்.

*

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்து எட்டரைக்கே இருவரும் பாலத்துக்கு வந்துவிட்டார்கள். ஆறு மணிக்கே அந்தோணிமுத்து பேசிவிட்டார். "ஏத்திட்டேன். நீ நேரா பாலத்துக்குப் போ. புத்தகம் கொண்டு போவாத."

கைப்பிடிச் சுவரில் இன்னும் சில பேர் சாய்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் எப்படியோ தெரிந்திருந்தது. கீழே நேற்றைய ஆட்கள் ஆட்டத்தை மறுபடி தொடங்கியிருந்தார்கள். "வருது வருதுங்கறான், ரெண்டு ஓவர் முடிஞ்சிரும்டா, போடு!" என்று ஒருவர் கத்தினார்.

முதலில் சத்தம்தான் வந்தது. காய்ந்த இலைகளை யாரோ பெருக்கிக்கொண்டு வருவது போன்ற சத்தம். பிறகு மேற்கே வளைவில் பழுப்பாக ஒரு நாக்கு தெரிந்தது. உயரமே இல்லை, கணுக்கால் அளவுதான். நுரையையும் சருகையும் முன்னால் தள்ளிக்கொண்டு, பள்ளம் கண்ட இடத்தில் நின்று நிரப்பி, மேடு கண்ட இடத்தில் சுற்றிக்கொண்டு, அவசரமே இல்லாமல் வந்தது. கரையில் ஒரு நாய் அதைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே பின்னால் நடந்தது. மட்டையை வைத்திருந்தவர் கடைசிப் பந்தை அடித்துவிட்டு, ஸ்டம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு கரையேறினார். அவர் நின்ற இடம் அடுத்த நிமிடம் ஆறாக இருந்தது.

"ஐயோ" என்றாள் ரோஸ்லின். தண்ணீரின் தலையில் ஊரின் குப்பை முழுக்க வந்துகொண்டிருந்தது. பாட்டில்கள், ஒற்றைச் செருப்பு, சாமிக்குப் போட்ட பழைய மாலை, பாதி தேங்காய். மெத்தை மெதுவாக எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, கௌரவமாகக் கிளம்பியது. "முதல் தண்ணி இப்படித்தான் இருக்கும். குப்பையோடதான் வரும். நான் உங்ககிட்ட இதைச் சொல்லல."

"சொல்லல" என்றான் எல்வின். அவன் இன்னும் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அரை மணி நேரம் பொறுங்க. தெளிஞ்சிரும்."

"பொறுக்கறேன்."

மெத்தை பாலத்துக்கு அடியில் போயிற்று. இருவரும் சாலையைக் குறுக்கே கடந்து மறுபக்கச் சுவருக்கு ஓடினார்கள், அது வெளியே வருவதைப் பார்க்க.